நான் எழுத வைத்த கடிதம்

1991-ல் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் நர்சிங் பள்ளியில் நான் ஆசிரியையாக இருந்தேன். மே மாதம் அங்கே குண்டு வெடித்து, அந்த ஊர்ப் பெயர் நாடு முழுக்கத் தெரிந்துபோன வருடம் அது. நெடுஞ்சாலையின் இரு பக்கமும் அப்போது வயலும் ஏரியும்தான். நடுநடுவே ஒன்றிரண்டு தொழிற்சாலைச் சுவர்கள் எழும்பத் தொடங்கியிருந்தன. பள்ளியில் நாற்பது பெண்கள், மூன்று ஆசிரியைகள், ஒரு பிரின்ஸ்பால்.

முதலாண்டு மாணவிகளுக்கு நர்சிங் வரலாறு நான்தான் எடுத்தேன். விளக்கேந்திய வெள்ளைக்கார அம்மாள், மிஷன் ஆஸ்பத்திரிகள், முதல் பயிற்சிப் பள்ளிகள், நர்சிங் கவுன்சில் பதிவு என்று நோட்ஸ் சொல்லிக்கொண்டே போவேன். என் ஆசிரியைகள் எனக்குச் சொன்ன சில விஷயங்கள் அந்த நோட்ஸில் கிடையாது. ஆரம்ப நாட்களில் விதவைகளும் அநாதை விடுதிப் பெண்களும்தான் இந்த வேலைக்கு வந்தார்கள் என்பது அதில் ஒன்று. யார் யாருடைய மலத்தையோ சீழையோ அள்ளும் வேலைக்கு வசதியான வீடுகளிலிருந்து பெண்ணை அனுப்பவில்லை. நான் படித்த எழுபதுகளில்கூடப் பத்தாவது தேறியிருந்தால் போதும். காலையில் வார்டுத் தரையைக் கழுவிவிட்டுத்தான் வகுப்புக்குப் போவோம். டாக்டர் உள்ளே வந்தால் எழுந்து நிற்க வேண்டும், கேட்டால் மட்டும் பதில் சொல்ல வேண்டும். தொப்பி அணியும் நாளில் நாங்கள் எடுத்த உறுதிமொழியிலேயே டாக்டருக்கு விசுவாசமாக இருப்போம் என்று வரும்.

தொண்ணூறுகளில் காலம் மாறியிருந்தது. பிளஸ் டூ முடித்த பெண்கள் வந்தார்கள், “ஏன் மேடம்?” என்று கேட்டார்கள். புதிய பாடப்புத்தகங்கள், நோயாளிக்காகப் பேச வேண்டியவள் நர்ஸ் என்றன. அந்த வாக்கியத்தை நானே நிறுத்தி நிதானமாக இரண்டு முறை சொல்லி எழுத வைத்திருக்கிறேன்.

அதை நம்பிவிட்ட ஒரு பெண் இரண்டாம் ஆண்டில் இருந்தாள். பிள்ளைப்பாக்கம் பக்கம், விவசாயக் குடும்பம். வகுப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்து, புரியாததைப் புரியும்வரை கேட்பாள். ஆங்கிலம் தடுமாறும். ஆனால் ஒரு நோயாளியிடம் பத்து நிமிடம் பேசினால், கேஸ் ஷீட்டில் இல்லாத நாலு விஷயம் அவளுக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் பள்ளிக்குச் சொந்தமாக ஆஸ்பத்திரி இல்லை. சுங்குவார்சத்திரம் போகும் வழியில் இருந்த ஒரு சிறிய ஆஸ்பத்திரியில்தான் மாணவிகளுக்கு வார்டுப் பயிற்சி. அந்த அனுமதி போனால் பள்ளிக்கு அங்கீகாரமே சிக்கல். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஆகஸ்டில் ஒரு நாள் காலை காலில் வெட்டுக்காயம் பழுத்த ஒருவரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். நல்ல ஜுரம். பெரிய டாக்டர் பார்த்து, பென்சிலின் ஊசி எழுதினார். ஆஸ்பத்திரியின் சொந்தக்காரரும் அவர்தான். மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க முதலில் துளியளவு போடும் டெஸ்ட் டோஸை என் மாணவியிடம் போடச் சொன்னார்கள். அவள் ஊசித் தட்டோடு போனபோது நோயாளியின் மனைவி கேட்டிருக்கிறார்.

“இன்னா ஊசிம்மா இது?”

இவள் பெயரைச் சொன்னாள்.

“ஐயோ, அது வேணாம்மா. போன வருசம் காஞ்சிபுரத்துல அந்த ஊசிதான் போட்டாங்கோ. மூஞ்சிலாம் வீங்கி, மூச்சு வாங்கி, மயங்கி வுழுந்துட்டாரு. எங்கூட்டுக்காரருக்கு அது ஆவவே ஆவாதுன்னு அங்க டாக்டரே சொன்னாரு.”

அவள் தட்டை மேஜையில் வைத்துவிட்டு நேராக டாக்டரிடம் வந்தாள். நான் பக்கத்துக் கட்டில் அருகே நின்றிருந்தேன். ஒவ்வொரு சொல்லும் என் காதில் விழுந்தது.

“சார், அவருக்கு பென்சிலின் ஒத்துக்காதுன்னு அவங்க வீட்டம்மா சொல்றாங்க. மயக்கமே வந்திருக்கு. டெஸ்ட் டோஸ்கூட வேண்டாம் சார்.”

டாக்டர் அவளைப் பார்க்கவே இல்லை. என் பக்கம் திரும்பினார்.

“இது உங்க ஸ்டூடண்டா?”

“ஆமா சார்.”

“எனக்கு வைத்தியம் சொல்லிக்கொடுக்கத்தான் கூட்டிட்டு வர்றீங்களா?”

வார்டில் பத்து நோயாளிகள் படுத்திருந்தார்கள். நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான்: அவள் சொல்வது சரி சார். அதை விட்டுவிட்டு, “சாரி சார்” என்றேன்.

அவர் விடுவிடுவென்று போய்விட்டார். கால் மணி நேரம் கழித்து வார்டு சிஸ்டர் கேஸ் ஷீட்டைக் கொண்டுவந்தார். பென்சிலின் என்ற சொல் கோடிட்டு நீக்கப்பட்டு, வேறு மாத்திரை எழுதியிருந்தது. சிஸ்டர் என் முகத்தைப் பார்த்தார், நானும் பார்த்தேன். அந்த மாத்திரையை நோயாளிக்குக் கொடுத்து, தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றவள் என் மாணவிதான்.

மறுநாள் பிரின்ஸ்பால் என்னைக் கூப்பிட்டார். டாக்டர் போன் செய்திருந்தாராம். எல்லார் முன்னாலும் தன்னை அவமதித்துவிட்டாள், மன்னிப்புக் கடிதம் வராமல் எந்த மாணவியும் வார்டில் கால் வைக்கக் கூடாது என்றாராம்.

“அவ சொன்னது சரிதான் மேடம். அவரே ஆர்டரை மாத்திட்டாரு,” என்றேன்.

“எனக்கும் தெரியுது. நாற்பது பொண்ணுங்களை நான் எங்க கொண்டுபோய் நிறுத்துறது? ஒரு லெட்டர் வாங்கிடுங்க.”

மதியம் அவளை ஆசிரியைகள் அறைக்கு வரவழைத்தேன். வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்து, கடிதத்தை ஆங்கிலத்தில் நானே வரிவரியாகச் சொன்னேன். அவள் குனிந்து எழுதினாள். கீழ்ப்படியாமையைக் குறிக்கும் ‘டிஸ்ஒபீடியன்ஸ்’ என்ற சொல்லுக்கு எழுத்துக்கூட்டக் கேட்டாள், சொன்னேன். அதற்குப் பிறகு பேனா நின்றது.

“மேடம், தப்பு பண்ணிட்டேன்னு எழுதிட்டேன். எந்தத் தப்புன்னு எழுதணும்?”

கிண்டலாகக் கேட்கவில்லை. தேர்வில் கேள்வி புரியாதபோது கேட்பதைப் போலவே கேட்டாள்.

“குரல் உசத்திப் பேசிட்டேன்னு எழுது.”

“நான் குரல் உசத்தலையே மேடம். நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?”

“எழுதும்மா.”

எழுதினாள். கையெழுத்துப் போட்டுத் தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள். அழுவாள் என்று நினைத்துக் கைக்குட்டையைக்கூட எடுத்து வைத்திருந்தேன். அவள் அழவில்லை. “போகலாமா மேடம்?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நாலைந்து நாளில் அந்த நோயாளிக்குக் காய்ச்சல் விட்டு, காயம் ஆறத் தொடங்கியது. வீட்டுக்குப் போகும் நாளில் அவர் மனைவி ஒரு பை நிறைய அவித்த வேர்க்கடலை கொண்டுவந்து, “அந்தப் பொண்ணு எங்க?” என்று தேடினார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. இவள் வாங்கி எல்லோருக்கும் பங்கு போட்டாள். எனக்கும் ஒரு கை கொடுத்தாள்.

அதன்பிறகு வகுப்பில் அவள் கேள்வி கேட்பது குறைந்தது. ஒரு கட்டத்தில் நின்றே போயிற்று. பரீட்சைகளில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். வார்டு சிஸ்டர்கள் அவளைப் பாராட்டினார்கள், சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறாள் என்று. நானும் அதைக் கேட்டு நிம்மதி அடைந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மறு வருடம், அதே வார்டில், ஒரு காலை. பேதியாகி வந்த இரண்டு வயதுக் குழந்தைக்கு குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. நான் உள்ளே நுழையும்போதே சொட்டு வேகம் கண்ணில் பட்டது. பெரியவர்களுக்கு ஓடுவதைப் போல ஓடிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்க் குறைத்தேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டிலின் மறுபக்கம் டெம்பரேச்சர் சார்ட்டோடு நின்றுகொண்டிருந்தாள் அவள்.

“இவ்வளவு வேகமா ஓடுதே, நீ பாக்கலையா?”

“பாத்தேன் மேடம்.”

“அப்புறம் ஏன் சொல்லலை?”

சார்ட்டைக் கட்டிலில் மாட்டினாள். “டாக்டர்தான் வெச்சுட்டுப் போனாரு. கேட்டா மறுபடியும் லெட்டர் எழுத வேண்டி வருமோன்னு நெனச்சேன். உங்களைத்தான் எதிர்பாத்துக்கிட்டு நின்னேன்.”

அவளைத் திட்ட வாய் வரவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவள் செய்திருந்தாள். வகுப்பில் எழுத வைத்தது ஒன்று, அந்த அறையில் எழுத வைத்தது வேறொன்று. இரண்டாவது பாடம்தான் அவளுக்குள் நின்றிருந்தது.

அன்றே பிரின்ஸ்பாலிடம் போய், அந்தக் கடிதத்தை அவளுடைய ஃபைலிலிருந்து எடுத்துவிடும்படி கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஃபைல்ல போனதை எடுக்க முடியாது. வேணும்னா நீங்க ஒண்ணு எழுதிச் சேர்த்து வைங்க. ஆனா அது டாக்டர் கைக்குப் போகாது, சொல்லிட்டேன்.”

எழுதினேன். இரண்டு பக்கம். மாணவி என்ன கேள்விப்பட்டாள், என்ன சொன்னாள், ஆர்டர் எப்படி மாறியது, அவள் குரலை உயர்த்தவில்லை, மன்னிப்புக் கடிதத்தின் வாசகங்கள் என்னுடையவை, நான் பக்கத்தில் இருந்தும் பேசவில்லை. கடைசி வரிக்கு மட்டும் வெகுநேரம் ஆயிற்று. ஃபைலில் வைக்குமுன் அவளைக் கூப்பிட்டுப் படிக்கக் கொடுத்தேன். நின்றபடியே, உதடு அசையப் படித்தாள். முதல் பக்கத்தை மறுபடியும் திருப்பினாள்.

“பெட் நம்பர் ஏழு இல்ல மேடம். ஒன்பது.”

அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். “வேற ஏதாவது?” என்றேன்.

“இல்ல மேடம். சரியா இருக்கு.”

மன்னித்தாளா என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. அவளாகவும் அதைப் பற்றிப் பிறகு பேசவில்லை. படிப்பை முடித்து, கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு, சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். சில வருடம் பொங்கல் வாழ்த்து அட்டை வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. இப்போது ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இன்சார்ஜாக இருக்கிறாள் என்று அவளோடு படித்தவள் ஒருத்தி சொன்னாள். ரொம்பக் கண்டிப்பாமே என்று கேட்டேன். மருந்து கொடுக்குமுன் அது ஒத்துக்கொள்ளுமா என்று ஒவ்வொரு நோயாளியின் வீட்டாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் தன் கீழுள்ள நர்ஸ்களை விடமாட்டாளாம். அதைத்தான் கண்டிப்பு என்கிறார்கள் என்றாள்.