சியா டீ குடித்த நாள்

ஏப்ரல் பிறந்தால் அருஷாவில் பாதி சஃபாரிக் கம்பெனிகள் ஷட்டரை இறக்கிவிடும். மாசிக்கா என்கிற அந்தப் பருவத்துப் பெருமழை சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற ரகம் இல்லை. மேரு மலையை மூடிக்கொண்டு, வந்த வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்துவிடும். கிமாரோ பெரியவரின் கம்பெனியும் வருஷா வருஷம் மூடித்தான் கிடக்கும். டிரைவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய் வாழைக்கு மண் அணைத்துக்கொண்டு ஜூனுக்காகக் காத்திருப்பார்கள். அந்த வருஷம் மட்டும் ஷட்டர் இறங்கவில்லை. இறங்கவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றவள் ஹைக்காயேல்.

அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூத்த மகள் கிளாடியை வைத்துக் கிளாடியம்மா என்பார்கள். மச்சாமே கிராமத்தில் ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, தம்பி தங்கைகளைக் கரையேற்ற அருஷாவுக்கு வந்தவள். கிமாரோவிடம் முதலில் சேர்ந்தது மதியச் சமையலுக்கு. டிரைவர்கள் சாப்பிட உட்கார்ந்தால் பேச்செல்லாம் வழியைப் பற்றித்தான் இருக்கும். எந்த ஓடையில் தண்ணீர் வந்தது, எந்தப் பாறைமேல் சிறுத்தை படுத்திருந்தது, எந்தச் சரிவில் வண்டி வழுக்கியது. உகாலிக் களி பரிமாறிக்கொண்டே கேட்டதெல்லாம் அவள் மண்டைக்குள் வரைபடமாகப் படிந்துவிட்டது. பயணத் திட்டம் போடுகிறவன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அவள் திட்டம் போடுகிற விதமே தனி. அந்த ஊரில் எப்படி இருக்கிறது என்று எதைக் கேட்டாலும் முதல் பதில் நலம் என்றுதான் வரும். வீட்டுக் கூரை பறந்துபோயிருந்தாலும் முதலில் நலம். 'ஆனால்' என்கிற சொல் அதற்கப்புறம்தான். அதுதான் மரியாதை. ஆகவே முகாமுக்கு போன் போட்டு ரோடு எப்படி என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை. ஹைக்காயேல் முகாம் சமையல்காரரைக் கூப்பிட்டு, துவைத்த துணி காய்ந்ததா என்று கேட்பாள். காவலாளியிடம், நேற்று வண்டியை மரத்தடியில் நிறுத்தினீர்களா, மேட்டிலா என்பாள். மேட்டில் என்று பதில் வந்தால் அந்தப் பக்கத்துப் பள்ளத்து வழிகளைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுவாள்.

சியாயேல் அவளுடைய கடைசித் தங்கை. ஹைக்காயேல் முதுகில் கட்டிச் சுமந்து வளர்த்தவள். பால் லாரி ஓட்டினாள், முகாம்களுக்குச் சாமான் ஏற்றிப்போகும் லாரி ஓட்டினாள், வழிகாட்டிப் பரீட்சையிலும் தேறினாள். குரலை வைத்தே பறவையின் பெயர் சொல்வாள். ஆனாலும் விருந்தினர் ஏறுகிற வண்டியின் சாவி அவள் கைக்கு வரவில்லை. கூட்டமான மாதங்களில் சாவிகள் ஆண்களுக்கே போயின. முடியாது என்று யாரும் சொன்னதில்லை. அடுத்த தடவை என்பார்கள், அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் சாவிக்குப் போட்டி இருக்காது என்று ஹைக்காயேலுக்குத் தோன்றியது. அவள் மாசிக்காவைப் பிடித்துக்கொண்டதற்கு உண்மையான காரணம் அதுதான்.

ஹாலந்திலிருந்து ஓய்வுபெற்ற நர்சுகள் இருவர் எழுதியிருந்தார்கள். கூட்டம் வேண்டாம், ஆடம்பரம் வேண்டாம், ஏப்ரலில் வர ஆசை என்று. ஜூனில் வாருங்கள் என்று பதில் போடச் சொன்னார் கிமாரோ.

"பச்சையாப் பார்க்கணுமாம். புல்லு ஆள் உசரம் நிக்குது, உள்ள யானை நின்னாலும் தெரியாது. இந்த மழையில எவன் போவான், கிளாடியம்மா?"

"சியா போவா. வழி நான் போடறேன், பெரியவரே. வண்டி சேத்துல மாட்டாது."

கிமாரோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேரம் பேசுமுன் அவர் செய்கிற வேலை அது. "இங்க பாரு. வண்டியை மீட்க இன்னொரு வண்டி கிளம்பிச்சுன்னா அன்னைக்கே ஷட்டரை இறக்கிடுவேன். உன் தங்கச்சி மறுபடி சாமான் லாரிக்குத்தான். அப்புறம் விருந்தாளி வண்டின்னு என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

சரி என்றாள் ஹைக்காயேல். ஒரு பேச்சுக்குக்கூட யோசிக்கவில்லை.

திட்டத்திலிருந்து முதலில் தாரங்கிரே சரணாலயத்தை அடித்துவிட்டாள். மழையில் அங்கே யானைகள் திக்குக்கொன்றாகச் சிதறிவிடும். அதற்குப் பதில் ந்தூத்து பக்கத்துச் சமவெளி. அங்கே புல் குட்டை; மழை நிற்கிறவரை வில்டபீஸ்ட் மான் மந்தை அதை விட்டு நகராது. மந்தை நிற்கிற இடத்தில் சிங்கமும் நிற்கும். எந்த முகாமிலும் ஒரே ராத்திரி தங்கல் கிடையாது. காலையில் மழை அடித்தால் பொறுத்துக் கிளம்ப இடம் வேண்டும். விடியற்காலைப் புறப்பாடும் கிடையாது. அந்த நேரத்து மண் சோப்பு மாதிரி. ரேடியோவை நம்பியும் ஒன்றும் எழுதவில்லை. கூட்ட நாட்களில் ஒரு டிரைவர் சிங்கத்தைப் பார்த்தால் மற்றவர்களுக்கு ரேடியோவில் சொல்வார். ஏப்ரலில் சொல்வதற்கு அங்கே ஆள் இருக்காது. கண்ணை மட்டும் நம்பு என்றாள் தங்கையிடம்.

தவிர்க்க முடியாத ஓடை ஒன்று இருந்தது. வரைபடத்தில் அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு அக்காவும் தங்கையும் வெகுநேரம் பேசினார்கள்.

"தண்ணி கலங்கலா ஓடினா அடியில கல்லு தெரியாது. இறங்காதே."

"எவ்வளவு நேரம்க்கா நிக்கறது? அவங்க சும்மா இருப்பாங்களா?"

"இந்தக் கரையில அத்தி மரத்து மேடு இருக்கு. அங்க நிறுத்தி டீ போட்டுக் குடு. தண்ணி வடிஞ்சா கல்லு தலையைத் தூக்கும். அதைப் பார்த்துட்டு இறங்கு."

"தூக்கலைன்னா?"

"இன்னொரு டீ."

சியா கிளம்பிப் போனாள். ங்கோரோங்கோரோ எரிமலைக் குழியின் விளிம்பில் பனிமூட்டத்தைக் கடந்து, குழிக்குள் காண்டாமிருகம் காட்டி, சொன்ன நாளில் சொன்ன முகாமுக்குப் போய்ச் சேர்ந்ததாகச் செய்தி வந்தது.  கிமாரோ தினமும் காலையில் வந்ததும் முதலில் கேட்டது சியாவைத்தான்.

ஓடையைக் கடக்க வேண்டிய நாளன்று மதியம் ரஜபு போன் செய்தார். கம்பெனியின் மூத்த டிரைவர். மழைக்காலம் என்பதால் சாமான் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு விளிம்புச் சாலையில் இருந்தார்.

"கிளாடியம்மா, உன் தங்கச்சி டீ குடிக்கிறாளாம்."

கிமாரோ நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

அருஷா டிரைவர்களுக்கு ரேடியோவில் தனிப் பேச்சு உண்டு. சிம்பா என்றால் சிங்கம் என்பது விமானத்திலிருந்து இறங்கும்போதே விருந்தினருக்குத் தெரியும். அதனால் மீசைக்காரர் என்பார்கள். ஓடிப்போய்ப் பார்த்துச் சிங்கம் இல்லாவிட்டாலும் பின்னால் இருக்கும் விருந்தினருக்கு ஏமாற்றம் இருக்காது. சிறுத்தை, புள்ளிச் சட்டை. வண்டி சேற்றில் புதைந்தால், பின்னால் இருப்பவர்கள் பயப்படாமலிருக்க, டீ குடிக்கிறோம். ரேடியோ இல்லாத சாமான் லாரியிலேயே காலம் போக்கிய சியாவுக்கு மீசைக்காரரைத் தெரியும், புள்ளிச் சட்டையைத் தெரியும். டீயைப் பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை.

யார் சொன்னது என்று ஹைக்காயேல் விசாரித்தாள். வேறொரு கம்பெனி டிரைவர் காதில் ரேடியோவில் விழுந்ததாம். எல்லாம் நலம், அத்தி மரத்துப் பக்கம் டீ குடிக்கிறோம் என்று சியாவே சொன்னாளாம்.

"நலம்னுதானே சொல்லியிருக்கா, அண்ணே?"

"கழுத்துவரைக்கும் முழுகினவனும் நலம்னுதாம்மா ஆரம்பிப்பான்."

அது நிஜ டீ, நான்தான் போடச் சொன்னேன் என்று அவள் விளக்கினாள். கிமாரோ தலையை ஆட்டினார். "ரேடியோவுல யாரும் நிஜ டீ குடிக்கறதில்ல, கிளாடியம்மா." ரஜபுவோ ஏற்கெனவே வண்டியைத் திருப்பியிருந்தார். போவதானால் மேட்டு வழியில் சுற்றிப் போங்கள், கரிசல் பக்கம் குறுக்கே இறங்காதீர்கள் என்றாள். பால் குடி மறந்த நாளிலிருந்து ஓட்டுகிறேன், எனக்கு வழி சொல்கிறாயா என்று சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டார். அதன்பின் ரஜபுவும் போனை எடுக்கவில்லை, சியாவும் எடுக்கவில்லை.

மீட்பு வண்டி கிளம்பிவிட்டது. பேச்சு என்றால் பேச்சுதான். கிமாரோ வாசலுக்குப் போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஷட்டர் அவர் தலைக்கு மேலே சுருண்டிருந்தது.

ஹைக்காயேல் ந்தூத்து சமையல்காரருக்கு போன் போட்டாள். துணி மூன்று நாளாகக் காயவில்லை என்றார் அவர். காவலாளி தன் சைக்கிளைக்கூட மேட்டில்தான் வைத்திருக்கிறானாம். அவள் போனை வைத்தாள்.

"பெரியவரே, மீட்க ஒரு வண்டி அனுப்பணும்."

"அதான் போயிருக்கே."

"ரஜபு அண்ணனை மீட்க."

கிமாரோ திரும்பிப் பார்த்தார். கோபப்படுவதா சிரிப்பதா என்று அவருக்கே தெரியாத முகம்.

வண்டி அனுப்பத் தேவை இருக்கவில்லை. வெளிச்சம் மங்குவதற்குள் சியா முகாமிலிருந்து கூப்பிட்டாள். ஹைக்காயேல் ஸ்பீக்கரைப் போட்டாள். அவளும் கிமாரோவும் போனின் இருபுறமும் குனிந்து கேட்டார்கள்.

ஓடை கலங்கலாகத்தான் ஓடியிருக்கிறது. சியா மேட்டில் நிறுத்தி டீ போட்டாள். இரண்டாவது டீ முடிவதற்குள் ஈரப் புல்லுக்குச் சலித்த சிங்கக் குடும்பம் ஒன்று, குட்டிகளோடு, புல் இல்லாத மேட்டுச் சாலைக்கு ஏறி வந்து வண்டிக்கு முன்னாலேயே படுத்துவிட்டது. சுற்றிலும் வேறு ஒரு வண்டி கிடையாது. நர்சுகள் இருவரும் வண்டிக்குள் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். சிங்கங்கள் எழுந்து போய், தண்ணீரும் வடிந்து, கல் தெரிந்த நேரத்தில்தான் தூரத்தில் கரிசல் நிலத்தின் நடுவே கம்பெனி பிக்கப் கதவுவரை இறங்கி நிற்பது கண்ணில் பட்டது. கூரைமேல் ரஜபு நின்று கை வீசிக்கொண்டிருந்தார்.

"நான் என்னவோ அவர் மீசைக்காரரைக் காட்டறார்னு நினைச்சேன்க்கா" என்றாள் சியா.

அவர் பக்கம் போய், கிட்டத்து மேட்டிலேயே வண்டியை நிறுத்தி, நீளக் கயிறு போட்டு இழுத்திருக்கிறாள். நர்சுகளில் ஒருத்தி குடை பிடித்தாள். இன்னொருத்தி போட்டோ எடுத்தாள். இதுவும் பயணத்தில் சேர்த்திதானே என்று கேட்டார்களாம். சேர்த்திதான் என்று சொல்லிவிட்டாளாம் சியா.

கிமாரோ போனைத் தன் பக்கம் இழுத்து, ரஜபுவைக் கூப்பிடச் சொன்னார். ரஜபு வர நேரம் பிடித்தது. குளித்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணு எப்படி?" என்றார் கிமாரோ.

"நலம்" என்றார் ரஜபு. கிமாரோ, அடுத்து வரவேண்டிய 'ஆனா'வுக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. "இழுக்கறதுக்கு முன்னாடி சக்கரத்துக்கெல்லாம் அடியில கிளை வெட்டிப் போட்டா. நானா இருந்தா அவசரத்துல அப்படியே இழுத்துக் கயிறை அறுத்திருப்பேன். என்னைத் திட்டவும் இல்ல. அதுதான் கஷ்டமா இருந்துச்சு."

கிமாரோ கண்ணாடியைக் கழற்றினார். "மீட்க வண்டி கிளம்பினா மூடுவேன்னு சொல்லியிருந்தேன்."

"கிளம்பினது சியாவை மீட்க. மீட்டது சியா" என்றாள் ஹைக்காயேல். "இதுல எதுக்காக மூடறீங்க, பெரியவரே?"

அவர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார். அவள் அவசரப்படுத்தவில்லை. இவ்வளவு வருஷத்தில் அவர் துடைத்து முடிக்கும்வரை பொறுத்தவர்கள் தோற்று அவள் பார்த்ததில்லை.

"மே மாசத்துக்கு யாரோ கேட்டிருந்தாங்களே" என்றார் கடைசியில். "ஜூன்ல வாங்கன்னு எழுதிட்டியா?"

"இன்னும் எழுதலை."

"மே மாசமே வரச் சொல்லு. அந்த வண்டிச் சாவி சியாகிட்டயே இருக்கட்டும், திரும்ப வாங்க வேண்டாம்."

அவர் உள்ளே போனதும் ஹைக்காயேல் ரஜபுவிடம் சொல்லிச் சியாவைக் கூப்பிடச் செய்து, ஸ்பீக்கரை அணைத்துப் போனைக் காதில் வைத்தாள். செய்தியைச் சொன்னாள். மறுமுனையில் சியா அதற்குள் வழியைப் பற்றி யோசிக்க ஆரம்பித்திருந்தாள்.  

"மே மாசம் மந்தை மேற்கே போயிடும்க்கா. இந்த வழி உதவாது. புதுசாப் போடணும்."

"போடறேன். நீ முதல்ல அந்த ரெண்டு பேரையும் சாப்பிட வை" என்றாள் ஹைக்காயேல். மேற்குப் பக்கத்து வரைபடத்தை எடுத்து மேஜைமேல் விரித்தாள்.