நம்ம கூடாரத்துக்கு வாங்க

ரயில் ஸ்பெயின் தலைநகர் மத்ரீதைத் தாண்டியதிலிருந்தே கொன்சுவேலோ ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எதிரே, அவளோடு வேலை பார்க்கும் அசுனும் அவள் புருஷன் மில்யானும் ஆம்லெட் வைத்த ரொட்டியைத் தின்றபடி செவியா திருவிழாவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். தலையில் வைக்க அசுன் ஒரு பெரிய சிவப்புத் துணிப்பூ வாங்கியிருந்தாள்.

"உங்க கூடாரத்துல எல்லாப் பொம்பளைங்களும் பூ வச்சிருப்பாங்கதானே? நான் மட்டும் கோமாளி மாதிரி நிக்கக் கூடாது பாரு" என்றாள்.

"வச்சிருப்பாங்க" என்றாள் கொன்சுவேலோ. தன் ரொட்டியைக் கடிக்காமலே தாளில் மடித்து வைத்தாள்.

செவியாவிலேயே பிறந்தவள்தான், ஆனாலும் அவளுக்கென்று திருவிழாவில் கூடாரமே கிடையாது. அவள் அப்பனுக்கும் கிடையாது, தாத்தாவுக்கும் கிடையாது. ஆற்றங்கரை மைதானத்தில் வரிசை வரிசையாக நிற்கும் குடும்பம் குடும்பமாகச் சாப்பிட்டு ஆடிப்பாடும் அந்தக் கோடு போட்ட கூடாரங்கள் பெரும்பாலும் தனியாருடையவை. வாசலில் காவலாள் நிற்பான். உள்ளே தெரிந்த ஆள் இல்லாவிட்டால் வெளியே நின்று கைதட்டல் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போகவேண்டியதுதான்.

ஆனால் செவியாக்காரர் வாய் இருக்கிறதே, அது தேன் தடவிய வாய். யாரைப் பார்த்தாலும் பிரியும்போது, "திருவிழாவுக்கு வாங்க, நம்ம கூடாரம் இருக்கு" என்பார்கள். எந்தத் தெரு என்று சொல்லமாட்டார்கள், கேட்பவரும் கேட்கமாட்டார். பிழைப்புக்காக வடக்கே பூர்கோஸுக்குப் போய் ரத்த சாசேஜ் தொழிற்சாலையில் சேர்ந்த பிறகும் கொன்சுவேலோவுக்கு அந்த வழக்கம் போகவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் தொழிற்சாலைச் சாப்பாட்டு மேசையில் அதைச் சொல்லி வைத்தாள். அந்தக் குளிர்தேசத்து ஆட்களோ, வா என்றால் வா, போ என்றால் போ. இந்த வருஷம் அசுன் மூன்று ரயில் டிக்கெட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டாள்.

அப்போதே உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். சொன்னால் பொய்க்காரி என்று ஒதுக்கிவிடுவார்களோ என்று பயம். பூர்கோஸில் அவளுக்கென்று இருந்தது இந்த இரண்டு பேர்தான்.

அதனால் பள்ளித் தோழி பாஸ்தோராவுக்குப் போன் போட்டாள். அவள்தான் எப்போது பேசினாலும், "ஊருக்கு வந்தா எங்க கூடாரத்துக்கு வராம போயிடாதே" என்பவள். எந்தத் தெரு, என்ன எண் என்று கேட்டதும் பாஸ்தோரா கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் சொன்னாள். அந்தத் தயக்கம் கொன்சுவேலோவுக்கு உறைக்கவில்லை. சொந்த ஊர்ப் பேச்சையே மறந்துபோனவளை என்ன சொல்ல!

மைதானத்தில் மஞ்சள் மண் பறந்தது. குதிரை வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிக் கூடாரத்தைக் கண்டுபிடித்தார்கள். காவலாள் உள்ளே போய்ச் சொல்ல, அடுக்கடுக்காய்ச் சுருக்கம் வைத்த பச்சைக் கவுனில் பாஸ்தோரா வந்து மூவரையும் மாறி மாறி முத்தமிட்டாள்.

"அடியே, எவ்வளவு அழகா இருக்கே! வந்துட்டியா, என் தங்கம்!" என்றவள் வாசலைவிட்டு நகரவில்லை. "இப்பப் பாரு, மாமனார் வீட்டுச் சனம் முழுக்க உள்ளே. கால் வைக்க இடமில்ல. ஒரு சுத்து சுத்திட்டு அப்புறமா வாங்க, சரியா?"

உள்ளே நாலைந்து நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. அந்த 'அப்புறமா' என்ன என்பது கொன்சுவேலோவுக்கு நன்றாகத் தெரியும். அவளே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள். முகம் சுருங்கிப்போய், "சரிடி, வர்றோம்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

தெருமுனைக்கு வந்ததும் அசுன் நின்றாள். "இது உன் கூடாரம் இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்ல. எனக்குக் கூடாரமே இல்ல."

"அப்ப எங்கள வருஷா வருஷம் கூப்பிட்டது?"

"இங்க அப்படித்தான் பேசுவாங்க, அசுன். குசலம் விசாரிக்கிற மாதிரி. கூப்பிட்டா யாரும் வரமாட்டாங்க." அவள் அசுன் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்கள ஏமாத்தணும்னு இல்ல."

மில்யான், "நல்ல ஊரு, நல்ல சனம்" என்று தலையில் அடித்துக்கொண்டான். அசுன் கொன்சுவேலோ பக்கம் திரும்பினாள்.

"கிறிஸ்துமஸ் ராத்திரிக்குச் சாப்பிட வான்னு நாங்க உன்னை வருஷம் தவறாம கூப்பிடறோம். நீயும் சந்தோஷம், வர்றேன்னு சொல்லுவே. ஒரு தடவைகூட வந்ததில்ல. அதையும் இப்படித்தான் நெனச்சியா?"

அந்த ராத்திரிகளில் கொன்சுவேலோ தன் அறையில் தொலைக்காட்சிக்கு முன்னால் தனியே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். மரியாதைக்குக் கூப்பிட்டவர்கள் வீட்டுக்குப் போய் நின்று அவர்களைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று எண்ணியிருந்தாள்.

"வாய் வார்த்தைன்னு நெனச்சேன்."

"உனக்கு ஒரு தட்டு வச்சிட்டுத்தான் நாங்க உக்காருவோம்" என்றான் மில்யான். "சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அதை எடுக்க விடமாட்டா இவ. எங்க அம்மாவுக்கு வருஷா வருஷம் இதே கேள்விதான், யாருடி வரணும்னு."

கொன்சுவேலோ அந்தக் கூட்டத்தின் நடுவே அழுதுவிட்டாள். வெட்கமாக இருந்தது, நிறுத்தவும் முடியவில்லை. அசுன் கைக்குட்டையை நீட்டினாள்.

"இந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் என்ன செஞ்சு கொண்டு வரட்டும்?" என்று கொன்சுவேலோ மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்.

"ஒண்ணும் கொண்டு வர வேணாம்" என்றாள் அசுன். "ஒன்பது மணிக்கு வந்துடு. லேட்டானா சூப் ஆறிடும்."