படத்தில் நிற்கும் பிலா

விழிஞ்ஞத்தில் துறைமுகம் வருகிறது என்ற பேச்சு பலத்தபோது, சாலைக் கடைத்தெருவில் ஆணியும் பெயின்ட்டும் விற்றுக்கொண்டிருந்த நானும் அந்தப் பக்கம் ஒரு மாடிவீடு வாங்கிப் போட்டேன். வாடகைக்கு விடத்தான். மேற்குச் சுவரை ஒட்டிப் பக்கத்து மனையில் பெரிய பலாமரம் ஒன்று நின்றது; எங்கள் பேச்சில் பிலா. பாதிக் கொம்புகள் என் மொட்டைமாடியின் மேல் கிடந்தன. அந்த நிழலில் நின்றுதான் வீட்டுக்கு விலை பேசினேன். விளம்பரத்துக்காக நானே போனில் எடுத்த படத்திலும் வீட்டைவிட மரம்தான் எடுப்பாகத் தெரிந்தது. முதல் வாரமே குடித்தனம் வந்துவிட்டது.

மரம் பக்கத்து வீட்டு டீச்சருடையது. பாறசாலைப் பக்கம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர், தனியாக இருந்தார். என் பக்கம் நீண்ட கொம்பில் காய்ப்பது எனக்கு என்று அவராகவே ஒரு முறை வைத்திருந்தார். பலாக்காயை இங்கே சக்கை என்பார்கள்; அது பழுத்தால், கத்தியில் எண்ணெய் தடவி வெட்டி, பஸ்ஸில் கொண்டுபோகத் தோதாகக் காகிதத்தில் சுற்றித் தருவார். நானும் கூசாமல் வாங்கிக்கொள்வேன்.

அதே மரத்தைப் பற்றிக் கடையில் உட்கார்ந்து புலம்பவும் செய்வேன். இலை விழுந்து மாடிக் குழாய் அடைத்துக்கொள்ளும், இலையை வார ஆள் வைக்க வேண்டும். வேர் புகுந்து சுவரில் விரிசல். பூசினால் அடுத்த மழைக்குள் மறுபடி விரியும். ஒருநாள் குடியிருந்தவரின் கார் மேல் சக்கை விழுந்து முன்பக்கம் நசுங்கியது. பார்க்க வந்த புரோக்கர், "இந்தப் பிலா நிக்கிறவரை காரு உள்ள பார்ட்டி வராது, அண்ணாச்சி. இது போனா ரென்ட் எங்கேயோ போகும்" என்றான். அந்த 'எங்கேயோ' எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

டீச்சரிடம் நேரே கேட்டிருக்கலாம். என் பக்கத்துக் கொம்பை வெட்டச் சொன்னால் அன்றைக்கே ஆள் பிடித்திருப்பார். சக்கை தின்ற வாயால் அதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டவன் சும்மாவாவது இருந்திருக்கலாம். கார்ப்பரேஷன் ஆபீசுக்குப் போய்ப் புகார், இங்கத்திய பேச்சில் பராதி, எழுதிக் கொடுத்தேன். மரம் உள்ளே உளுத்துவிட்டது, என் வீட்டின் மேல் சாய்கிறது, உயிருக்கு ஆபத்து என்று எழுதினேன். உளுப்பும் இல்லை, சாய்வும் இல்லை. என் பெயர் வெளியே வர வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் டீச்சர், மரத்தை வெட்டச் சொல்லி வந்த நோட்டீசும் கையுமாக என் கடைக்கே வந்தார்.

"அண்ணாச்சி, ஆரோ பராதி குடுத்திருக்காவ. பிலா உளுத்துப் போச்சாம். பின்னால பிளாட்டு கெட்டுறவனாத்தான் இருக்கும்."

"இருக்கும்" என்றேன்.

"ஒட்டுன வீட்டுக்காரரு பயமில்லன்னு ஒரு கடிதம் தந்தா விட்டிருவோம்னு ஆபீசுல சொல்லுதாவ. ஒண்ணு எழுதித் தாங்க, கேட்டியளா."

தாளும் பேனாவும் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. "குடியிருக்கிறவங்க பயப்படுறாங்க டீச்சர். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான்தானே பதில் சொல்லணும்" என்றேன். அவர் நோட்டீசை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "அதும் ஞாயந்தான்" என்றார். அன்றைக்கு என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

மரத்தை வெட்டினார்கள். கூலி டீச்சர் கையிலிருந்து போயிற்று. வெட்டிய அடிமரம் நல்ல மஞ்சளாக, ஒரு பொட்டு உளுப்பில்லாமல் இருந்தது. நான் போவதற்குள், என் பக்கத்துக் கொம்பிலிருந்த இளம் சக்கைகளை ஒரு சாக்கில் கட்டி என் வீட்டு வாசலில் வைத்திருந்தார். அந்தச் சாக்கை நான் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. ஆட்டோக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

அந்தக் கோடையில் மாடி அடுப்பாகக் காய்ந்தது. கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு என்று குடித்தனக்காரர் காலி செய்தார். என் கடையிலிருந்தே வெயில் தாங்கும் வெள்ளைப் பெயின்ட்டைக் கொண்டுபோய் இரண்டு தடவை அடித்தேன். தகரக்கூரை போட்டேன். எத்தனை வருஷம் இலை வாரியிருந்தாலும் அவ்வளவு செலவு ஆகியிருக்காது. கார் வைத்திருப்பவர்களும் வந்தார்கள். மத்தியானம் மாடியேறிப் பார்த்துவிட்டு, பழைய வாடகையையே குறைக்கச் சொன்னார்கள். நானோ கொஞ்சமும் புத்தி வராமல், மரம் நிற்கிற பழைய படத்தையே புரோக்கருக்கு மறுபடி அனுப்பினேன்.

படத்தைப் பார்த்து நாகர்கோவிலிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அந்தப் பெண் போனையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுல உள்ள மரம் எங்க சார்?" என்று கேட்டாள். நான் பேச்சை மாற்றித் தகரக்கூரையைக் காட்டப் போனபோது, சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த டீச்சர் பதில் சொன்னார்.

"என் பிலாதான் மக்களே. ஆரோ பராதி குடுத்து வெட்ட வச்சிட்டாவ. படம் அதுக்கு முன்ன எடுத்தது. அண்ணாச்சி ஆரையும் ஏமாத்துற ஆளில்ல. மரம் போனதுல என்னவிட நஷ்டம் அவருக்குத்தான்."

அவர் வார்த்தையை நம்பி அவர்கள் அங்கேயே சம்மதித்தார்கள். புரோக்கர் ஒப்பந்தத் தாளை எடுத்தான். சாட்சிக்கு இன்னொரு கையெழுத்து வேண்டும் என்று சுற்றிலும் பார்த்தான். வேறு ஆளைக் கூட்டி வருகிறேன் என்று நான் சொல்வதற்குள், டீச்சர் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் என் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.