சிவப்புக் காய்க்கு ஒரு விதி

உக்கிரபாண்டிக்கு நாற்பத்தாறு வயது. ஏழாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஓடும் தறிக்குப் போனவர். இருபத்திரண்டு வருஷம் அந்தச் சத்தத்துக்குள் நின்றதில் காது பாதி போயிற்று. வேறு என்னென்ன போயிற்று என்று அவருக்கே தெரியாது. நல்ல செய்தி சொன்னாலும் "ம்". எழவுச் செய்தி சொன்னாலும் "ம்". ஆள் அப்படி.

தறியை விட்ட பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்துக்கு வேன் ஓட்டப் போனார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு அவர்கள் மம்சாபுரத்தில் சாயங்கால மையம் நடத்தினார்கள். சாமான் இறக்கப் போகிற இடத்தில் பிள்ளைகள் கூச்சல் போட்டால் இவர் ஒரு அதட்டுப் போடுவார். கூச்சல் நிற்கும். இரண்டு வருஷத்தில் மையமே அவர் பொறுப்புக்கு வந்துவிட்டது.

அப்படி இருக்கும்போதுதான் லிதுவேனியா என்ற தேசத்திலிருந்து கடிதம் வந்தது. இளைஞர்களோடு வேலை செய்கிறவர்கள், பாடம் சொல்லித்தரும் விளையாட்டுகளைத் தாங்களே உண்டாக்கக் கற்றுக்கொள்ளும் பயிற்சி. ஒன்பது நாள். போக வர, தங்க, சாப்பிட எல்லாம் அவர்கள் பொறுப்பு. இரண்டு பேர் வரலாம். ஒருவர் பிள்ளைகளோடு நேரடியாகப் பழகுகிறவராக இருக்கவேண்டும். நிறுவனத்தில் இங்கிலீஷ் பேசத் தெரிந்தவன் ஜெபக்குமார் ஒருத்தன்தான். அவனோடு உக்கிரபாண்டியைச் சேர்த்து அனுப்பினார்கள்.

கிளம்புகிற அன்றைக்கு அவர் பெட்டிக்குப் பூட்டுத் தேடிக்கொண்டிருந்தபோது மகள் அனுசியா பக்கத்தில் வந்து நின்றாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். நாகர்கோவில் பக்கம் நர்சிங் படிக்க இடம் கிடைத்து இருபது நாள் ஆகியிருந்தது. ஹாஸ்டலில் தங்கவேண்டும்.

"அப்பா, அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி. அதுக்குள்ள சேரணும். நீங்க வாரதுக்கு ஞாயித்துக்கிழமை ஆயிரும்."

"பாக்கலாம்."

"போன வாரமும் இதத்தாம்ப்பா சொன்னீங்க."

"ஏட்டி, பூட்டு எங்கன்னு முதல்ல சொல்லு."

பூட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். வேண்டாம் என்று அவர் மனசில் ஒன்றும் இல்லை. சரி என்றும் இல்லை. வயசுப்பிள்ளை, வெளியூர், ஹாஸ்டல் என்று மூன்று வார்த்தை மண்டைக்குள் கிடந்தது. அவ்வளவுதான்.

பயிற்சி நடந்த இடம் ஒரு ஏரிக்கரை. மரத்தால் கட்டிய பெரிய வீடு. பத்துத் தேசத்து ஆட்கள் இருந்தார்கள். சொல்லிக்கொடுத்தவள் பெயர் அக்னே. முப்பது வயதுக்குள் இருக்கும். முதல் நாள் பாடம் எதுவும் நடத்தவில்லை. ஆளுக்கொரு அட்டை, கத்தரிக்கோல், கலர் பேனா, இரண்டு தாயக்கட்டை கொடுத்து, "காலையிலிருந்து மதியம் வரை சும்மா விளையாடுங்கள்" என்றாள்.

"இதுக்கா ரெண்டு பிளேன் மாறி வந்தோம்?" என்றார் உக்கிரபாண்டி.

"அண்ணாச்சி, அவளுக்குத் தமிழ் தெரியாது, முகம் தெரியும். செத்த சிரிச்சாப்ல இருங்க" என்றான் ஜெபக்குமார்.

அடுத்தடுத்த நாட்களில் தொழில் பிடிபட்டது. ஆட்டம் முடிந்து எழுந்திருக்கும்போது ஆடினவனுக்கு என்ன தெரிந்திருக்கவேண்டும், அதை முதலில் ஒரு வரியில் எழுது. விதிகளை ஒரே மூச்சில் சொல்ல முடியவேண்டும். முடியாவிட்டால் பாதியை வெட்டு. தெரியாத ஆட்களிடம் கொடுத்து ஆடவிட்டுப் பார். அவர்கள் ஆடும்போது, செய்தவன் வாயைத் திறக்கக்கூடாது. தப்பாக ஆடினாலும் சும்மா இருக்கவேண்டும். ஆட்டம் முடிந்த பிறகு எல்லோரையும் உட்காரவைத்துப் பேசு. பாடம் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது.

வாயைத் திறக்காமல் இருக்கிற வேலை உக்கிரபாண்டிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவர்கள் அதற்குத்தான் திணறினார்கள்.

அவர் செய்த ஆட்டத்துக்கு 'வேலைக்குப் போற வழி' என்று பெயர் வைத்தார். மம்சாபுரத்துப் பிள்ளைகளை நினைத்துச் செய்தது. அட்டையைச் சுற்றி நாற்பது கட்டம். வீட்டில் தொடங்கவேண்டும், சர்டிபிகேட் வாங்கவேண்டும், பஸ்ஸைப் பிடிக்கவேண்டும், சூப்பர்வைசர் ஏச்சைத் தாண்டவேண்டும், கடைசியில் வேலைக் கட்டத்தில் ஏறவேண்டும். பையன்களுக்கு நீலக் காய், பெண்பிள்ளைகளுக்குச் சிவப்புக் காய். ஒரு ஆள் வீட்டுப் பெரியவர். சிவப்புக் காய் ஒவ்வொரு பத்துக் கட்டத்துக்கும் நின்று அவரிடம் கேட்கவேண்டும். அவர் 'சரி' என்றால் போகலாம். 'பாக்கலாம்' என்றால் அந்தச் சுற்று போச்சு. இதை யோசித்து எழுதவில்லை. ரோட்டில் ஸ்பீட் பிரேக்கர் இருக்கிற மாதிரி அது பாட்டுக்கு வந்து உட்கார்ந்தது.

புதன்கிழமை அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து ஆடினார்கள். பெரியவராக உட்கார்ந்த பையனுக்கு, ஜெபக்குமார் சொல்லிக்கொடுத்த 'பாக்கலாம்' என்ற தமிழ் வார்த்தை ஏகத்துக்கும் பிடித்துப்போயிற்று. கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, கூரையைப் பார்த்து, "பா...க்க...லாம்" என்று இழுத்தான். மேஜையே சிரித்தது. சிவப்புக் காய் வைத்திருந்த பிள்ளையும் சிரித்தாள், முதல் இரண்டு தடவை. ஐந்தாவது தடவை சிரிக்கவில்லை. நீலக் காய்கள் இரண்டும் வேலையில் ஏறியாயிற்று. அவள் பத்தாவது கட்டத்திலேயே கிடந்தாள். தாயக்கட்டையை மேஜையில் வைத்துவிட்டு இங்கிலீஷில் என்னமோ கேட்டாள்.

"நான் எப்ப ஆடுறதுன்னு கேக்கா, அண்ணாச்சி" என்றான் ஜெபக்குமார்.

உக்கிரபாண்டி வாயைத் திறக்கவில்லை. அதுதானே விதி.

ஆட்டம் முடிந்து பேச உட்கார்ந்ததும் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டார்கள். பஸ்ஸைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் சிவப்புக் காயைப் பற்றியே பேச்சு. ஏன் நிற்கவேண்டும், அந்தப் பெரியவருக்கு என்ன பயம், சரி என்று சொன்னால் அவருக்கு என்ன நஷ்டம் என்று கேள்வி மேல் கேள்வி. பெரியவராக இருந்த பையன் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு ஒரு காரணமும் இல்லை. சொல்ல முடிந்தது, அதனால் சொன்னேன்" என்றான். ஜெபக்குமார் அதை மெதுவாகத் தமிழில் சொன்னான்.

அக்னே எழுந்து வந்து உக்கிரபாண்டியின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். இந்த எட்டு நாளில் வந்த ஆட்டங்களில் இதுதான் ஆட்டம், இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டாள்.

"கண்டுபிடிக்கல. எங்க ஊர்ல அப்படித்தான்" என்றார்.

ஜெபக்குமார் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நீளமாக வேறு ஏதோ இங்கிலீஷில் சொன்னான். அவர்கள் கைதட்டினார்கள்.

டீ குடிக்க வெளியே வந்தபோது ஜெபக்குமார் கேட்டான்: "அண்ணாச்சி, பாப்பாவுக்கு வெள்ளிக்கிழமைதான கடைசி?"

"ம்."

"இப்பவே போன் போட்டு சரின்னு சொல்லிருங்களேன். ஒரு வார்த்தை."

"போன்ல சொல்ற சமாச்சாரமாலே இது? பெத்த பிள்ளைய வெளியூருக்கு அனுப்புறது. நேர்ல உக்காரவச்சு, நாலு புத்தி சொல்லி அனுப்பணும்."

"தேதி போயிரும்."

"தேதிக்கென்ன? ஆளப் பிடிச்சா ரெண்டு நாள் தள்ளாமலா போவான்?"

மனைவி கனகலட்சுமியின் அண்ணன் சங்கிலிப்பாண்டிக்கு அங்கேயிருந்தே போன் போட்டார். ரேஷன் கார்டு, பட்டா, போலீஸ் ஸ்டேஷன் எதுவென்றாலும் ஆள் பிடித்து முடிக்கிறவர்.

"அந்தக் காலேஜ்ல நமக்குத் தெரிஞ்ச கிளார்க்கு இருக்கான் மாப்ள. திங்கக்கிழமை வரைக்கும் வாங்கிருதேன். அங்க குளிரு எம்புட்டு?"

"இருக்கு" என்று வைத்துவிட்டார். வீட்டுக்குப் போடவில்லை. சொல்லவேண்டியதை நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். குளித்தார், சாப்பிட்டார். அனுசியா துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிளேனில் வரும்போதே என்ன சொல்லவேண்டும் என்று வரிசையாக வைத்திருந்தார்.

"அனுசியா. நீ போ."

"எங்கப்பா?"

"நர்சிங்குக்குத்தான்."

அவள் மடித்த துணியை அடுக்கி வைத்தாள். "அது வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோட முடிஞ்சிருச்சேப்பா."

"உங்க மாமா திங்கக்கிழமை வரைக்கும்..."

"மாமா போய்ட்டு வந்தாக. அஞ்சு மணியானா கம்ப்யூட்டர் தானா பூட்டிக்கிடுமாம். கிளார்க்கு என்ன செய்வாரு? இடம் அடுத்த ஆளுக்குப் போயிருச்சு."

கனகலட்சுமி அடுப்படியிலிருந்து வந்தாள். "வியாழக்கிழமை என்னையக் கையெழுத்துப் போடச் சொல்லி அழுதா. உங்கப்பா வாயால ஒரு வார்த்தை வராம நான் எப்படிப் போடுறதுன்னுட்டேன். நீங்க ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா?"

உக்கிரபாண்டி, நெஞ்சுக்குள் ஏதாவது வரும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தார். வரவில்லை. தறி நின்றதும் காதுக்குள் ஒரு வெறுமை வருமே, அது மட்டும் இருந்தது.

"அழுதியா?" என்று கேட்டார்.

"வியாழக்கிழமை அழுதேன். இப்ப இல்ல" என்றாள் அனுசியா. "பேண்டேஜ் கம்பெனியில மடிக்கிற வேலைக்கு ஆள் கேட்டாக. நாளையில இருந்து வாரேன்னு சொல்லிட்டேன்."

அவரைக் கேட்காமல் அவள் எடுத்த முதல் முடிவு அது. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் காலையில் அவள் தூக்குவாளியோடு டவுன் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். அவர் பைக்கை எடுத்தார்.

"நான் கொண்டு விடுதேன்."

"வேண்டாம்ப்பா. கூட வாரவளுக பஸ் ஸ்டாப்புல நிப்பாளுக" என்று நிற்காமல் சொல்லிவிட்டு நடந்தாள்.

அவர் செத்த நேரம் வண்டியைப் பிடித்தபடி நின்றார். பிறகு ஸ்டாண்டு போட்டு வைத்துவிட்டு உள்ளே போனார். பத்து மணிக்கு ஆபீஸில் எல்லோரும் காத்திருப்பார்கள், ஆட்டத்தை விளக்கிச் சொல்லவேண்டும்.