மண்ணெண்ணெயில் ஊறிய கிளாரினெட்

திருத்த முடியாது என்று சொல்லி எந்தச் சாமானையும் நான் திருப்பிக் கொடுத்ததில்லை. மாங்குளத்தில் தண்ணீர்ப் பம்ப் திருத்துகிறவன் நான். சண்டைக் காலத்தில் எரிபொருள் வராதபடி பொருளாதாரத் தடை போட்டிருந்தபோது ஒரு சொட்டுப் பெற்றோலைக் காட்டி எஞ்சினைக் கிளப்பிவிட்டு, மிச்சத்தை மண்ணெண்ணெயில் ஓட்டிய கூட்டம் நாங்கள். தடை போய் இத்தனை வருடமாகியும் அந்தத் திமிர் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

முல்லைத்தீவில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர் ஒருவரிடம், எல்லோருக்கும் அவர் நானா, பம்ப் உதிரிகள் தேடிப் போனபோது மனைவியும் கூட வந்தாள். நான் இரும்புக் குவியலைக் கிளறிக்கொண்டிருக்க, அவள் ஒரு நீளப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். உள்ளே ஓர் ஆல்டோ கிளாரினெட். கறுப்பு மரம், வளைந்த உலோகக் கழுத்து. பள்ளிக்கூடப் பாண்ட் வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசித்தவள் அவள். இடம்பெயர்ந்தபோது அதை விட்டுவிட்டு வந்தவள், பிறகு ஒன்றையும் தொட்டதில்லை. இது அவள் வாசித்ததைவிடப் பெரியது, குரலும் தாழ்ந்தது. எடுத்து ஊதினாள். ஒரே ஒரு சுரம்தான் வந்தது. அதற்கே சின்னப் பிள்ளைபோலச் சிரித்தாள்.

"கொண்டு போங்கோ தங்கச்சி," என்றார் நானா. "பழுதைப் பாத்திட்டு, வேணுமெண்டால் வாங்குங்கோ. கொழும்பில இதுகளைத் திருத்திற ஒருத்தரைத் தெரியும். லொறியில அனுப்பிவிடலாம்."

வீட்டுக்கு வந்ததும், "அனுப்பிப் பாப்பமே?" என்று கேட்டாள்.

கலியாணம் முடித்த நாளிலிருந்து தனக்கென்று அவள் வாய்விட்டுக் கேட்ட பொருள் அது ஒன்றுதான். நான் தலையாட்டியிருந்தால் போதும்.

"உதுக்கு ஏன் கொழும்பு? நான் என்னத்துக்கு இருக்கிறன்? ஒரு கிழமை பொறும். சரிவந்தால் வாங்குவம்."

துளை மூடிகளைப் பிடித்திருந்த திருகாணிகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. இறுகியதை இளக்க எனக்குத் தெரிந்த ஒரே மருந்து மண்ணெண்ணெய். வாத்தியத்தை அப்படியே ஒரு தட்டத்தில் ஊறப்போட்டேன்.

"இஞ்சருங்கோ, உது மரமெல்லோ?" என்றாள்.

"இரும்பே இளகுது, மரத்துக்கென்ன?"

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். ஆணிகள் சொன்ன சொல் கேட்டுக் கழன்றன. துளைகளை மூடும் தோல் வட்டங்கள் அரித்துப் போயிருந்தன; அதற்குப் பதிலாகச் சைக்கிள் டியூப்பை வட்டமாக வெட்டி வைத்துக்கொண்டேன். மரத்தைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, காலையிலேயே தகரக் கூரைமேல் காயப்போட்டேன். குரங்கின் கையில் பூமாலை கிடைத்த கதைதான். ஆனால் குரங்குக்கு அது தெரிய வேண்டுமே!

பின்னேரம் எடுக்கப் போனபோது மேல்துண்டு நீளத்துக்கு வெடித்திருந்தது. நகம் நுழையும் வெடிப்பு. பசை போட்டு, கம்பி சுற்றிப் பூட்டிக் கொடுத்தேன். அவள் ஊதினாள். காற்றுத்தான் வந்தது.

நானாவிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் கொழும்புக்காரரிடம் தொலைபேசியில் கேட்டார். இனி ஒன்றும் செய்ய ஏலாது என்றுவிட்டாராம். "ஆனைக்கும் அடி சறுக்கும் தம்பி," என்று நானா என் தோளில் தட்டினார். விலையைக் கொடுத்துவிட்டு வந்தேன். வாங்குவதா விடுவதா என்ற யோசனை அப்படித்தான் முடிந்தது.

மனைவி ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சில நாள் கழித்து, அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது நானே கேட்டேன்.

"உப்பிடி வெடிக்குமெண்டு உமக்குத் தெரியாதோ?"

"தெரியும். வெயில்ல வைக்கக்கூடாதெண்டு பாண்டில முதல் நாளே சொல்லித் தந்தவை."

"அப்ப ஏன் மறிக்கேல்லை?"

சுளகை நிறுத்தாமலே சொன்னாள். "நீங்கள் பாட்டுப் படிச்சுக்கொண்டெல்லோ வேலை செய்தனீங்கள். உங்கட முகத்தில அப்பிடி ஒரு சந்தோசத்தை நான் கனகாலமாய்க் காணேல்லை. கெடுக்க மனம் வரேல்லை."

தன் ஆசையை எனக்கு விளையாடத் தந்திருக்கிறாள். நான் அதை உடைத்துக் கொடுத்தேன்.