மல்லிகா தொட மறுத்த கால்

நம் நடைப்பயிற்சிக் குழுவின் வாட்ஸ்அப்பில்தான் செய்தி வந்தது: "மசாஜ் மல்லிகா இன்று காலை மாரடைப்பால் காலமானார்." எனக்கு முன்பே முப்பது பேர் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். நானும் ஒன்று போட்டுவிட்டுக் காபியைக் குடித்து முடித்தேன். அதற்குப் பிறகுதான் உட்கார முடியவில்லை.

வேங்கிக்கால் பகுதியில் ஒரு பிசியோதெரபி மையத்தில் பெண்களுக்கு மசாஜ் செய்தவர் மல்லிகா. உங்களில் பலருடைய முதுகும் தோளும் அவரை அறியும். நேரில் 'நீ' என்றே பேசிய எனக்கு, இங்கே 'அவர்' என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

நான் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து இறுகி, ஸ்கூட்டரில் போகும்போது பின்னால் வரும் பஸ்ஸைத் திரும்பிப் பார்க்க முடியாமல் போயிருந்தது. மல்லிகா எண்ணெய் தடவித் தட்டிக்கொடுக்கிற ரகமில்லை. முன்கையைத் தோள்மேல் வைத்தால், அடியில் இருக்கும் சதை இளகும்வரை எடுக்க மாட்டார். வலி தாங்காமல் பல்லைக் கடித்தால், "மூச்ச அடக்காதீங்க மேடம். நீங்க இறுக்குனா நான் எப்படி உள்ள போறது?" என்பார். நான் வீராப்பாக இன்னும் அழுத்தச் சொன்னால், "ஜாஸ்தி அமுக்குனா ஜாஸ்தி குணமாவும்னு யாரு சொன்னாங்க?" என்று சிரிப்பார். நாலைந்து வாரத்தில் கழுத்து திரும்பியது. தலைவலி மாத்திரையை நிறுத்தினேன். படுத்ததும் தூக்கம் வந்தது.

போன வருஷம் ஒரு பௌர்ணமிக்குக் கிரிவலம் போய்வந்த மூன்றாம் நாள், என் இடது கெண்டைக்கால் வீங்கி வலித்தது. மலை சுற்றிய கால் வீங்கத்தான் செய்யும் என்று நம் ஊரில் எல்லோரும் சொல்வோம். நானும் அப்படித்தான் நினைத்து, நேராக மல்லிகாவிடம் போய்க் காலை நீட்டினேன். அவர் புறங்கையால் இரண்டு கால்களையும் தொட்டுப் பார்த்தார். டேப் எடுத்து அளந்தார். எண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்தார்.

"மேடம், ரெண்டு காலுந்தான மலை சுத்துச்சு? இது மட்டும் ஏன் வீங்குது? சூடா வேற இருக்கு. உள்ள ரத்தம் உறைஞ்சு கட்டியிருந்தா அமுக்குறது ஆபத்து. ஸ்கேன் எடுத்துட்டு வந்துடுங்க. அதுவரைக்கும் நான் தொடமாட்டேன்."

பக்கத்துப் படுக்கைகளில் இரண்டு பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவமானமாகிவிட்டது. "அமுக்குறது உன் வேலை, அதப் பாரு. டாக்டர் வேலையெல்லாம் பாக்காத" என்று கத்தினேன். மையத்தின் உரிமையாளரிடமும் புகார் சொன்னேன். அவர் என் முன்னாலேயே மல்லிகாவைத் திட்டினார். மல்லிகா தலைகுனிந்து நின்றார். ஆனாலும் என் காலைத் தொடவில்லை.

மறுநாள் வலி கூடியதால் வேறு வழியின்றி ஸ்கேன் எடுத்தேன். உள்ளே இருக்கும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருந்தது. "நல்லவேளை, யாரும் அமுக்கல. அந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருந்தா உயிருக்கே ஆபத்து" என்றார் டாக்டர். ஏன் யாரும் அமுக்கவில்லை என்பதை அவரிடம்கூட நான் சொல்லவில்லை.

அதன்பின் அந்த மையத்துப் பக்கமே போகவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். நான் தெருவையே மாற்றி நடந்தேன். இரண்டு மாதம் கழித்துக் காய்கறிக் கடையில் மல்லிகாவே எதிரில் வந்தார். "கால் எப்படி இருக்கு மேடம்? ஸ்கேன் எடுத்தீங்களா?" என்று கேட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். தெரிந்தவர்கள் நாலு பேர் அங்கே நின்றார்கள். "எடுத்தேன். ஒண்ணுமில்லன்னுட்டாங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. எனக்கு ஒன்றுமில்லை என்பதில் அவருக்கு நிஜமாகவே சந்தோஷம். பிறகு, "அப்போ நான்தான் தேவையில்லாம பயமுறுத்திட்டேன். மன்னிச்சுக்குங்க மேடம்" என்றார். நான் பெரிய மனசு பண்ணுகிறவளைப் போலத் தலையாட்டிவிட்டுத் தக்காளி பொறுக்கினேன்.

செய்தி வந்த அன்று, அடி அண்ணாமலையில் இருக்கும் அவர் வீட்டுக்கு மாலையோடு போனேன். அவருடைய கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அதுக்கப்புறம் யாரு கால் வீங்கி வந்தாலும், நான் நினைக்கிறது சரியா இருக்குமான்னு மல்லிகா வீட்டுக்கு வந்து என்கிட்ட கேட்டுக்கினே இருக்கும் மேடம்" என்றார். என்னால் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மல்லிகாவை அறிந்த உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். அன்று அவர் சொன்னது சரி. நான் சொன்னது பொய். அவர் கைபட்டுத் திரும்பிய கழுத்தும், அவர் தொட மறுத்ததால் பிழைத்த உயிரும் என்னிடம் இருக்கின்றன. அவர் கேட்ட மன்னிப்பும் என்னிடம்தான் இருக்கிறது. கேட்டிருக்க வேண்டியவள் நான்.