சகலையின் நாற்பத்தைந்து

என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை புருஷன், ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் செய்பவன். யார் வீட்டுக்குப் போனாலும் ஏதாவது ஒன்றைச் சரிசெய்து பேர் வாங்காமல் திரும்ப மாட்டான். மூன்று மாதமாக நான் தள்ளிப்போட்ட எங்கள் கதவுத் தாழ்ப்பாளை இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டு, "சும்மா ஒரு ஸ்க்ரூதான் சகலை" என்றான். அந்தச் 'சும்மா'வை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுப்பவன். குடும்பத்தில் சைக்கிளுக்கு முதலில் மோட்டார் வைத்தவன் நான்தான். தினமும் காலையில் மகளைப் பின்னால் உட்காரவைத்துப் பள்ளியில் விடுவேன். அந்தப் பத்து நிமிடமும் என் முதுகோடு ஒட்டிக்கொண்டு வாய் ஓயாமல் பேசுவாள். எனக்கு அன்றைக்கு முழுக்க அது போதும்.

பிறகு அவனும் மோட்டார் வைத்தான். "நாப்பத்தஞ்சுல பறக்குது" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றல். என் வண்டி நாற்பதைத் தாண்டாது. "அப்பா, சித்தப்பா வண்டியில ஸ்கூலுக்குப் போகட்டுமா?" என்று மகள் கேட்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சும்மா விடுவேனா? ஜிபிஎஸ் வைத்து வேகம் அளக்கும் ஆப் ஒன்றைப் போனில் இறக்கினேன். என் வண்டியில் சோதித்தேன். வண்டி மீட்டரும் நாற்பது, போனும் நாற்பது.

ஞாயிறு மாலை மாமனார் வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். "சகலை, இந்த போன சட்டைப்பையில போட்டுக்கிட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க" என்று தேன் ஒழுகச் சொன்னேன். தெருக்கோடியில் இருக்கும் கிடங்கின் சுவர் வரை போய்த் திரும்பினான். அவன் மீட்டரில் அதிகபட்சம் நாற்பத்தைந்து. என் போனில் முப்பத்தெட்டு.

அவன் மீட்டரின் செட்டிங்கைக் குடைந்தேன். சக்கர அளவு இருபத்தெட்டு இன்ச் என்று இருந்தது; அவன் சக்கரமோ இருபத்துநாலு. மீட்டர் ஒவ்வொரு சுற்றுக்கும் போகாத தூரத்தையும் சேர்த்துக் காட்டியிருக்கிறது.

"கடையில செட் பண்ணுனத நான் பாக்கவே இல்ல" என்று தலையைச் சொறிந்தான்.

"அப்போ எங்க அப்பாதான் ஃபாஸ்ட்டு" என்றாள் மகள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அத்தோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே? அளவை நானே இருபத்துநாலு என்று மாற்றினேன். "இப்ப போங்க. மீட்டரும் முப்பத்தெட்டுதான் காட்டும்" என்று மறுபடி அனுப்பினேன்.

திரும்பி வந்தான். மீட்டரில் நாற்பத்தைந்து. போனிலும் நாற்பத்தைந்து.

"இப்பதான் புரியுது சகலை" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான். "மீட்டர் நாப்பத்தஞ்சத் தொட்டதும், அதுக்கு மேல வேகம் போகாம மோட்டார் தானா நின்னுக்கும். பொய்யா நாப்பத்தஞ்சு காட்டி, நெஜத்துல முப்பத்தெட்டுலயே நின்னுக்கிட்டு இருந்திருக்கு. நல்லவேளை, நீங்க பார்த்தீங்க."

மறுநாள் காலை அவன் வண்டி எங்கள் வாசலில் நின்றது. மகள் என்னைப் பார்த்தாள்.

"கோவமாப்பா?"

"எனக்கென்ன கோவம்" என்றேன். அவள் ஹெல்மெட் வாரை நானே கட்டிவிட்டேன். "மெதுவாப் போங்க சகலை" என்றேன்.

"நீங்கதானப்பா சரி பண்ணிக் குடுத்தீங்க" என்று சிரித்தபடி அவன் முதுகோடு ஒட்டிக்கொண்டாள்.